இடமறிந்து தோன்றும் அறிவிப்பு

நாஞ்சில் நாடு நீர்வளம் மிக்கது. 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீர், அனந்தனாறு, தோவாளைக் கால்வாய் முதலிய கால்களாகப் பிரிந்து குளங்களையும் வயல்களையும் சென்று சேர்கின்றது. எம்மடையைத் திறத்தல் வேண்டும், எம்மடையை அடைத்தல் வேண்டும் என்று அறிந்து செய்பவனே நீர் பாய்ச்சுவதில் வல்லவன். மடை தவறினால் ஒரு வயல் மூழ்கும். மற்றொரு வயல் வாடும். செய்தியைப் பாய்ச்சும் இணையத்தளங்களிலும் இத்தகைய மடைகள் உண்டு.

உலகளாவிய வலை என்னும் அமைப்பினை 1989ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் அறிஞர் செர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்மொழிந்தார். அவ்வலையில் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு முகவரி உண்டு. முகவரியின் முற்பகுதி தளத்தின் பெயர்; அதன்பின் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்டு வருவது பாதை. கடிதத்தின் மேல் எழுதும் மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்பன வீட்டைக் காட்டுவதுபோல, பாதையானது அப்பக்கம் தளத்தினுள் எவ்விடத்தது என்பதைக் காட்டும். கன்னியாகுமரி மாவட்டத்தின் அரசு இணையத்தளம் ஆங்கிலம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் அமைந்துள்ளது. அதன் தமிழ்ப் பக்கங்களின் பாதை, தமிழைக் குறிக்கும் ஈரெழுத்துக் குறியோடு தொடங்குகின்றது.

இணையப் பக்கம் ஒன்று பல கட்டங்களால் ஆனது. பட்டியல் ஒரு கட்டம். படம் ஒரு கட்டம். அறிவிப்பு ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களும் எல்லாப் பக்கங்களிலும் தோன்ற வேண்டுவதில்லை. ஆதலின், பக்கத்தின் பாதையை நோக்கிக் கட்டத்தைக் காட்டவும் மறைக்கவும் வல்ல மென்பொருள்கள் தோன்றின. பெல்சியம் நாட்டினரான டிரீஸ் பைடார்ட் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட டுரூபல் அவற்றுள் ஒன்று. அதில், தளத்தை நடத்துவோர் பாதைகளை வரிக்கு ஒன்றாக எழுதி, 'இவற்றில் மட்டும் காட்டுக' என்றோ, 'இவற்றில் மட்டும் மறைக்க' என்றோ விதிப்பர். ஒவ்வொரு பக்கமும் திறக்கப்படும்பொழுது மென்பொருள் அதன் பாதையை அவ்வரிகளோடு ஒப்பிட்டு முடிவு செய்யும்.

பக்கங்கள் பலவாயின், உடுக்குறி துணை செய்யும். அக்குறி நிற்கும் இடத்தில் எவ்வெழுத்து வந்தாலும் பொருந்தும். ஒரு தளத்தில் 'மீன்' என்னும் பிரிவு உளதாகக் கொள்க. 'மீன்' என்பதன்பின் சாய்கோடும் உடுக்குறியும் இட்டால், அப்பிரிவின் உட்பக்கங்கள் யாவும் பொருந்தும். பிரிவின் முதற்பக்கமோ பொருந்தாது. அதனைத் தனிவரியில் எழுதுதல் வேண்டும். சாய்கோட்டை விடுத்து உடுக்குறியை ஒட்டி எழுதினால், மீன்கொத்திப் பறவையைப் பற்றிய பக்கமும் உள்ளே புகுந்துவிடும். ஒரு சிறு கோடு செய்யும் வேறுபாடு இத்துணைப் பெரிது.

இவ்வேறுபாடு வெறும் எழுத்து நுணுக்கம் அன்று. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் பலர் மீளவில்லை. எச்சரிக்கை உரிய காலத்தில் உரியவரைச் சென்றடைய வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்திற்று. எச்சரிக்கைக்கு வானொலி முதலிய பிற வழிகள் இன்றியமையாதன. ஆயினும் இணையத்தளமும் தன் கடமையை வழுவின்றிச் செய்தல் வேண்டும். புயலெச்சரிக்கைக் கட்டத்தை முகப்பில் மட்டும் காட்டுமாறு ஒருவர் விதித்தால், தேடுபொறியின் வாயிலாக நேரே உட்பக்கத்தை அடைவோர் அதனைக் காணார். ஆங்கிலப் பாதைக்கு மட்டும் விதி எழுதினால், தமிழ்ப் பக்கத்தைப் படிப்போர் அறியாது போதலும் கூடும். மொழிக்குறியை நீக்கி ஒப்பிடும் மென்பொருளும் உண்டு. சேர்த்து ஒப்பிடுவதும் உண்டு. ஆகவே, விதியை எழுதியவுடன் இரு மொழிப் பக்கங்களையும் திறந்து பார்த்தல் கடமையாகும். தலைமடையில் நீர் பாய்வதைக் கண்டு மகிழ்பவன் கடைமடைக்கும் சென்று பார்த்தல் வேண்டும் அன்றோ?

மற்றொன்றும் அறியத்தக்கது. மறைத்தல் வேறு, காத்தல் வேறு. ஒரு பக்கத்தில் மறைத்த கட்டத்தின் செய்தி பிறிதொரு பக்கத்தில் வெளிப்பட்டு நிற்கலாம். திரையிட்ட வாயில் பூட்டிய வாயில் ஆகாது. பிறர் காணலாகாத செய்தியைக் காப்பதற்கு, இன்னார்க்கே உரிமை உண்டு என வரையறுக்கும் தனிவிதி வேண்டும்.

ஆதலின், கட்டம் ஒன்றனை அமைப்போர், 'இஃது எங்கே அழகாகத் தோன்றும்?' என்று மட்டும் எண்ணுதல் போதாது. 'இஃது யாருக்கு வேண்டும்? அவர் எவ்வழியே வருவார்?' என்று எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எண்ணி எழுதிய விதியே கடைமடைக்கும் நீரைக் கொண்டு சேர்க்கும்.