பகலில் பனியன் டிசைன், இரவில் கேம்... ஓஎல்இடி மானிட்டர் சரிவருமா?

திருப்பூரில் பனியன் பிரிண்ட் டிசைன் செய்பவர்கள், வேலைக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரே ஓஎல்இடி மானிட்டர் வாங்கலாமா?

பிளஸ்: 2022-ல் வந்த டெல் ஏலியன்வேர் 34 இன்ச் கியூடி-ஓஎல்இடி மானிட்டரில் காட்சி நொடிக்கு 175 முறை வரை மாறும். பல சாதாரண மானிட்டர்களில் 60 முறைதான். அதனால் வேகமான கேமிலும் காட்சி மங்குவது குறையும். வெளிச்சம் குறைந்த அறையில் கறுப்பு அசல் கறுப்பாகவே தெரியும்.

மைனஸ்: டிசைன் சாஃப்ட்வேரின் டூல்பார் தினமும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால், நாளடைவில் அதன் தடம் திரையில் நிரந்தரமாகப் பதியலாம். இதுதான் 'பர்ன்-இன்'. சின்ன எழுத்துகளின் ஓரத்தில் வேறு நிறம் தெரிவதும் உண்டு.

கேம்தான் முக்கியம்னா தாராளமா வாங்கலாம். நாள் முழுக்க டிசைன் வேலைன்னா ஐபிஎஸ் மானிட்டரே பாதுகாப்பு. எதை வாங்கினாலும், துணியில் அடித்த சாம்பிளை லைட் பாக்ஸில் பார்த்த பிறகே கலருக்கு ஓகே சொல்லுங்கள்.