சூரியன் இரண்டு முறை உதித்த விமானப் பயணம்!

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கைக்கு ஆகாய மார்க்கமாக சுமார் 5,650 கி.மீ. இன்றைய ஜெட் வேகத்துக்குக் கணக்குப் போட்டால் ஏழு மணி நேரம். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஊர் வந்துவிடும்.

ஆனால் 1943-ல் இதே தூரத்தைக் கடக்க ஒரு பகல், ஓர் இரவு போதவில்லை! ஒரு தடவை 32 மணி 9 நிமிடம் ஆகியிருக்கிறது. அத்தனை நேரமும் வழியில் எங்கும் இறங்காமல், கடலுக்கு மேலேயே!

ஏன் இந்த விபரீத வேலை?

இரண்டாம் உலகப் போர் நேரம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமானப் பாதை அதோடு அறுந்துபோனது. அதை ஒட்டுப்போட, இந்து மகா சமுத்திரத்தை ஒரே தாவாகத் தாவத் துணிந்தது குவான்டாஸ் விமானக் கம்பெனி.

விமானத்தின் பெயர் கேட்டலினா. தண்ணீரில் இறங்கும் ரகம். பெர்த்தில் ஸ்வான் ஆற்றில் கிளம்பி, காலி நகருக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரியில் வந்து இறங்கும். வேகம்? மணிக்கு சுமார் 200 கி.மீ.தான்!

மூணே மூணு பேர்

இவ்வளவு தூரத்துக்கும் பெட்ரோலைச் சுமக்கணுமே! மற்ற பாரத்தை எல்லாம் குறைத்தார்கள். பயணிகள் அதிகபட்சம் மூன்று பேர். தபால் 69 கிலோ. அவ்வளவுதான். குளிரிலும், காது கிழியும் என்ஜின் சத்தத்திலும் உட்கார்ந்தே வரவேண்டும்.

பாதையில் ஜப்பான் விமானங்கள் நடமாட்டம் வேறு. அதனால் ஆபத்தான பகுதியை இருட்டில் கடந்தார்கள். எதிரி காதில் விழக்கூடாதென்று ரேடியோவில் வாயே திறப்பதில்லை. அப்புறம் வழி தெரிவது எப்படி? நட்சத்திரங்களைப் பார்த்துத்தான்!

ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயரையே வைத்தார்கள். ஸ்பைகா, அன்டாரெஸ், ஆல்டேர், வேகா, ரைகல். முதல் மூன்றும் யாரென்று நினைக்கிறீர்கள்? நம்ம பஞ்சாங்கத்துச் சித்திரை, கேட்டை, திருவோணம்தான்!

ஒரு நாளுக்கு மேல் வானத்திலேயே இருந்ததால், பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்தார்கள். அதற்காக அவர்களுக்குத் தனியாக ஒரு சான்றிதழே கொடுத்தார்களாம். “இரட்டைச் சூரிய உதய ரகசிய சங்கம்” என்று அதற்குப் பெயர்!

ஒன்றுகூட விழவில்லை

1945 வரை இப்படி 271 தடவை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூடக் கடலில் விழவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஆனால் போர் முடிந்ததும் நடந்ததைக் கேளுங்கள். இந்த விமானங்கள் அமெரிக்காவிடமிருந்து கடன்-குத்தகை ஒப்பந்தத்தில் வந்தவை. அதன் நிபந்தனைப்படி, எதிரியால் மூழ்கடிக்க முடியாத ஐந்தையும் சொந்தக்காரர்களே கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்!

2018 மார்ச்சில் அதே பெர்த்திலிருந்து லண்டனுக்கே நேர் விமானம் விட்டார்கள். தூரம் சுமார் 14,500 கி.மீ. நேரம் சுமார் 17 மணி. தூரம் இரண்டரை மடங்கு. நேரமோ கிட்டத்தட்ட பாதி!

அடுத்த முறை பஸ் அரை மணி லேட் என்று அலுத்துக்கொள்ளும்போது, அந்த மூணு பேரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.