உடல் இளைக்கவேண்டுமா? சைவச் சாப்பாட்டிலேயே வழி உண்டு!

லண்டன் நகரில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர் இருந்தார். சவப்பெட்டி செய்து, இறுதி ஊர்வலங்களை நடத்திக் கொடுப்பது அவர் தொழில். பெரிய பிரபுக்கள் எல்லாம் அவருடைய வாடிக்கைக்காரர்கள். பணத்துக்குக் குறைவே இல்லை. கவலை ஒன்றே ஒன்றுதான். உடம்பு ஊதிக்கொண்டே போயிற்று!

உயரம் 5 அடி 5 அங்குலம். எடையோ 202 ராத்தல். அதாவது, சுமார் 92 கிலோ. குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட முடியாது. மாடிப்படியில் இறங்கவேண்டும் என்றால், பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு மெள்ள மெள்ள இறங்குவார்.

வைத்தியர்கள் சொன்னதை எல்லாம் செய்து பார்த்தார். தினமும் அதிகாலையில் ஆற்றில் படகு வலித்தார். உடம்பு இளைக்கவில்லை, பசிதான் அதிகமாயிற்று! காதும் மந்தமாயிற்று. 1862-ம் ஆண்டு, ஹார்வி என்ற காது வைத்தியரிடம் போனார். அந்த வைத்தியருக்குப் பான்டிங்கின் காதைவிட அவருடைய தொந்திமீதுதான் சந்தேகம். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார்.

சுமார் ஒரு வருஷத்தில் 46 ராத்தல் குறைந்தது! மகிழ்ச்சி தாங்காத பான்டிங், 1863-ல் சொந்தச் செலவில் ஒரு சிறு புத்தகம் அச்சடித்து, ஊருக்கெல்லாம் வழங்கினார். 81 வயது வரை வாழ்ந்தார். உடல் இளைப்பதற்காகச் சாப்பாட்டைக் குறைப்பதை, சுவீடன் நாட்டு மொழியில் இன்றும் ‘பான்டா’ என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, ரொட்டியை விட்ட பான்டிங் எதைச் சாப்பிட்டார்? மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, மீன்! மாமிசத்தைத் தொடாத குடும்பங்கள் என்ன செய்வது?

மூன்று தடவை சோறு!

நம்முடைய சைவச் சாப்பாட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காலையில் இட்லி. அதில் பெரும் பங்கு அரிசி. பகலில் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம். மூன்று தடவையும் சோறு! தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குப் பொரியல். அதுவும் மாவுச் சத்து. மாலையில் உப்புமா. இரவில் தோசை. பருப்பு எங்கே? சாம்பாரில் தேடவேண்டும்.

மாவுச் சத்து வயிற்றில் சர்க்கரையாக மாறி, இரத்தத்தில் சேருகிறது. வயலில் உழைப்பவர், மூட்டை தூக்குபவர் அதைச் செலவழித்துவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குச் செலவு ஏது? மிஞ்சுவதை உடம்பு கொழுப்பாக மாற்றிச் சேமித்துவைக்கிறது. முக்கியமாக, இடுப்பைச் சுற்றி! இந்தியர்களில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டக்கூடாது என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. வீட்டிலே தையல் டேப் இருக்கும், அளந்து பாருங்கள்.

சப்பாத்தி சாப்பிட்டால் இளைக்குமா?

“நான் சோற்றை விட்டுவிட்டேன். இரவில் சப்பாத்திதான்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் பலர். ஆனால் எடை மட்டும் குறையாது!

காரணம் இதுதான். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச் சத்து இருக்கிறது. கேழ்வரகில் 67 கிராம். கோதுமை மாவில் 64 கிராம். பெரிய வித்தியாசம் இல்லையே! கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நாரும் நிறைய உண்டு, நல்ல தானியம்தான். அதற்காக நாலு களி உருண்டை சாப்பிட்டால் உடம்பு எப்படி இளைக்கும்?

விரத நாளில் சோற்றை விட்டு ஜவ்வரிசி உப்புமா சாப்பிடுகிறவர்களும் உண்டு. ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கின் மாவு. அதில் புரதம் அநேகமாகக் கிடையாது. அதைவிடச் சோறே மேல்!

ஆகவே, ஒரு மாவை விட்டு இன்னொரு மாவுக்குத் தாவுவதில் லாபம் இல்லை. சோற்றின் இடத்தில் பருப்பும் பயறும் காய்கறியும் வந்து உட்காரவேண்டும்.

துவரம் பருப்பிலும் மாவுச் சத்து உண்டு. இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் 100 கிராம் பருப்பில் 22 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் இருப்பது 8 கிராம்தான். புரதம் சாப்பிட்டால் வயிறு நிறைந்தாற்போல் வெகு நேரம் இருக்கும். உடம்பு இளைக்கும்போது, சதைப்பற்று கரையாமலும் காக்கும். வெறும் சோற்றை மட்டும் குறைத்துவிட்டுப் பட்டினி கிடப்பவர்கள் சோர்ந்து போவது இதனால்தான். பத்து நாள் பொறுப்பார்கள். பதினோராவது நாள், பழையபடி இலை நிறையச் சோறு!

குன்னூரில் 1918-ல் ஒரு சிறிய ஆராய்ச்சிக்கூடமாகத் தொடங்கி, 1958-ல் ஐதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024-ல் ஓர் அளவு கூறியிருக்கிறது. நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்குத் தானியம் 250 கிராம். பருப்பு, பயறு 85 கிராம். காய்கறி 400 கிராம். பால் 300 மில்லி. எல்லாம் சமைப்பதற்கு முந்திய எடை. இளைக்க விரும்புபவர் தானியத்தை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். பருப்பையும் காய்கறியையும் குறைக்கக்கூடாது.

அடுக்களையில் என்ன செய்யலாம்?

காலையில் நாலு இட்லிக்குப் பதில் இரண்டு. சாம்பாரைக் கெட்டியாக வைத்து, இரண்டு கரண்டி தாராளமாக விட்டுக்கொள்ளலாம். அல்லது, முளை கட்டிய பச்சைப் பயற்றை அரைத்துத் தோசை வார்க்கலாம். அடைக்கு ஊறவைக்கும்போது அரிசியைப் பாதியாக்கிப் பருப்பைக் கூட்டுங்கள். ருசி கெடாது!

பகலில் முதலில் கூட்டும் பொரியலும் சாப்பிட்டுவிட்டு, பிறகு ஒரே ஒரு கப் சோறு. கப் சோறு 150 கிராம் என்றால், அதில் சுமார் 200 கலோரி. வெண்டை, புடலை, பீர்க்கு, சுரை, அவரை, முட்டைக்கோசு, வாழைத்தண்டு, கீரை ஆகியவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய் ஆகியவற்றைக் காய் என்று நினைக்காதீர்கள். சோற்றுக் கணக்கில் சேருங்கள்.

மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல். பன்னீரும் மீல்மேக்கரும் புரதம் நிறைந்தவை. திடீரென்று பயறு அதிகமானால் வாயுத் தொல்லை வரும்; கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும்.

காப்பியை மறந்துவிடாதீர்கள். ஒரு தடவைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால், நாலு காப்பிக்கு 40 கிராம். 160 கலோரி! எண்ணெயிலோ, ஒரு பெரிய கரண்டியில் 120 கலோரி இருக்கிறது.

அம்மாவின் தட்டு

இதில் தாய்மார்கள் நிலைதான் பரிதாபம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறார்கள். அப்போது கூட்டுப் பாத்திரம் காலி! மிச்சம் இருப்பது சோறும் ரசமும் ஊறுகாயும். ‘வீணாகப் போகிறதே’ என்று மிஞ்சிய சோற்றையும் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். அப்புறம், “நான் என்னத்தைச் சாப்பிடுகிறேன்? ஏன் இப்படிப் பெருக்கிறேன்?” என்று கண்ணாடி முன் நின்று வருந்துகிறார்கள்.

பருப்பு விலையும் ஒரு காரணம். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2011 முதல் அரிசி இலவசம். பருப்புக்குக் காசு கொடுக்கவேண்டும். காசு குறைந்தால், முதலில் குறைவது அம்மாவின் பங்குதான். பரிமாறத் தொடங்குவதற்கு முன்பே அவருக்கு ஒரு கிண்ணம் கூட்டு எடுத்து வைத்துவிடுங்கள். உலையில் போடும் அரிசியையும் ஆளுக்கு ஒரு பிடி குறையுங்கள். மிஞ்சினால்தானே தின்னவேண்டியிருக்கும்!

மந்திரம் அல்ல!

கனடா நாட்டு டொரண்டோ நகரில், பருமனான 47 பேரை இரண்டு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு மாவுச் சத்துக் குறைந்த, சோயா போன்ற தாவரப் புரதம் நிறைந்த உணவு. மற்றொரு பிரிவுக்கு மாவுச் சத்து மிகுந்த, கொழுப்புக் குறைந்த சைவ உணவு. இரு பிரிவினருக்கும் தேவையில் 60 சதவிகிதம்தான் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் இரு பிரிவினருமே சுமார் 4 கிலோ இளைத்தார்கள்! மாவுச் சத்தைக் குறைத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு இன்னும் அதிகமாகக் குறைந்தது. இந்த முடிவு 2009-ல் வெளிவந்தது.

ஆகவே, மொத்தச் சாப்பாடு குறைந்தால்தான் எடை குறையும். பசி எடுக்காமல் அதைக் குறைப்பதற்குப் பருப்பும் பயறும் துணை. அவ்வளவுதான். சோற்றை விட்டுவிட்டு முந்திரிப் பருப்பைக் கொறித்துக்கொண்டிருந்தால், பான்டிங் மாதிரி இளைக்க முடியாது.

முதல் வாரத்தில் இரண்டு கிலோகூடக் குறையலாம். ஏமாறவேண்டாம், அதில் பெரும் பங்கு தண்ணீர். பிறகு வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே போதும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ போட்டுக்கொள்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கக்கூடாது. மருந்து பழைய அளவிலேயே இருந்து, சோறு மட்டும் குறைந்தால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதத்தின் அளவை டாக்டர்தான் சொல்லவேண்டும். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், வளரும் குழந்தைகளும் இந்தச் சோதனையில் இறங்கவேண்டாம்.