வியாழனின் இரைச்சலில் அயோவின் நேரக்கணக்கு

1955-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், வயல்வெளியில் கட்டிய கம்பிகளைக் கொண்டு 22.2 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் பெர்னார்ட் பர்க்கும் கென்னத் பிராங்க்ளினும். பதிவுத்தாளில் எழுதுமுள் அவ்வப்போது துள்ளியது. பக்கத்தில் ஓடும் வண்டியின் தொல்லை என்றே முதலில் தோன்றியது. ஆனால் அந்தத் துள்ளல் நட்சத்திரங்களைப் போல நாளுக்கு 4 நிமிடம் முந்தி வந்தது. வண்டி அப்படி வராது. அந்தத் திசையில் நின்றது வியாழன். அங்கிருந்து வரும் இந்த வானொலி அலைகளில் பெரும்பகுதியின் சாவி வியாழனிடம் மட்டும் இல்லை, அதன் நிலவான அயோவிடமும் இருக்கிறது என்பதை 1964-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் பிக் காட்டினார். அவர் செய்தது நேரத்தை ஒப்பிட்டதுதான். 42½ மணி நேரத்தில் வியாழனைச் சுற்றும் அயோ, பூமியிலிருந்து பார்க்கையில் தன் பாதையின் குறிப்பிட்ட இரண்டு இடங்களுக்கு வரும்போதெல்லாம் இரைச்சல் வலுத்தது.

நம் நிலவைவிடச் சற்றே பெரிய அயோ, அத்தனை பெரிய கோளை எப்படி ஆட்டிவைக்கும்? ஆட்டிவைப்பது வியாழனின் சுழற்சியே. அதன் காந்தப்புலம் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதால், மெதுவாகச் செல்லும் அயோவை நொடிக்குச் சுமார் 57 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து செல்கிறது. சைக்கிள் டைனமோவில் நடப்பதுதான் இங்கும்: காந்தமும் கடத்தியும் ஒன்றையொன்று கடக்க, மின்சாரம் பிறக்கிறது. எலக்ட்ரான்கள் புலக்கோடுகள் வழியே துருவங்களை நோக்கிப் பாய்ந்து, சுருண்டு சுருண்டு அலைகளை உமிழ்கின்றன. புலத்தின் வலிமையே அலைவெண்ணைத் தீர்மானிக்கிறது; அந்த வலிமைக்கோ ஓர் உச்சம் உண்டு. அதனால்தான் 40 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இந்த இரைச்சல் சட்டென்று நின்றுவிடுகிறது.

அயோ அந்த இடங்களில் இல்லாதபோதும் இரைச்சல் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, வியாழனின் காந்தப்புலத்துக்குச் சொந்தமான வேறு ஊற்றுகளும் உண்டு. ஆனால் அயோவின் நேரக்கணக்குக்குக் கட்டுப்படும் பகுதியை அவை பொய்யாக்குவதில்லை. ‘அயோ எப்போதும் சுற்றுகிறது, இரைச்சல் ஏன் எப்போதும் கேட்பதில்லை?’ என்பதே வலுவான கேள்வி. அலைகள் எல்லாத் திசையிலும் பரவாமல், உள்ளீடற்ற கூம்பின் சுவர் வழியே மட்டும் வெளியேறுகின்றன. கலங்கரை விளக்கின் ஒளிபோல அந்தச் சுவர் பூமியைத் தொடும்போதே நமக்குக் கேட்கிறது. பிக் கண்ட இரண்டு இடங்களுக்கும் இதுவே காரணம்.

இதைக் கேட்கப் பெரிய தொலைநோக்கி வேண்டியதில்லை. 20 மெகாஹெர்ட்ஸ் பிடிக்கும் சிற்றலை வானொலி, ஓர் எளிய கம்பி ஆண்டெனா, மின் இரைச்சல் குறைந்த ஓர் ஊர் போதும். வியாழன் உச்சியில் இருக்கும் இரவில், அயோவின் நேரம் பார்த்து, கேட்டுப் பாருங்கள். கடலலை கரையேறுவதுபோல் வரும்.