கண்டுபிடித்த பிறகு கழற்றுங்கள்!

திண்டுக்கல் என்றதும் நினைவுக்கு வருவது பூட்டு. 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமை அதற்கு உண்டு.

பூட்டு திறக்கவில்லை என்று ஒருவர் கடைக்கு வருகிறார். பூட்டுத் தொழிலாளி என்ன செய்வார்? எடுத்த எடுப்பில் சுத்தியலைத் தூக்க மாட்டார். முதலில் சாவியை வாங்கிப் பார்ப்பார். பல் தேய்ந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று கவனிப்பார். துவாரத்தில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திருப்புவார். அதற்கும் மசியவில்லை என்றால்தான் பூட்டைப் பிரிப்பார்.

ஆனால் மோட்டார் வண்டி என்றால் இந்தப் பொறுமை பல பேருக்கு இருப்பதில்லை!

வண்டி கிளம்பவில்லையா? "பாட்டரியை மாற்று" என்கிறார் ஒருவர். "பிளக்கை மாற்று" என்கிறார் இன்னொருவர். "காயில் போயிருக்கும்" என்கிறார் மூன்றாமவர். மூன்றையும் மாற்றிய பிறகு பார்த்தால், தளர்ந்து போன ஒரு ஒயரில் கோளாறு இருக்கும்! ஒயரை முறுக்க ஐந்து நிமிஷம் போதும். மாற்றிய சாமான்களுக்கோ ஆயிரக்கணக்கில் செலவு.

வண்டிதான் பிழைப்பு

திண்டுக்கல் சீமையில் வண்டி என்பது ஆடம்பரப் பொருள் அல்ல.

நிலக்கோட்டைப் பக்கம் விடிவதற்கு முன்பே மல்லிகை பறிக்கிறார்கள். மொட்டு விரிவதற்குள் அது சந்தைக்குப் போக வேண்டும். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரிகள் கேரளத்துக்குப் போகின்றன. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவது ஸ்கூட்டர். மில் வேலைக்குப் போகிறவருக்கும், கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் பழைய மோட்டார் சைக்கிள்தான் துணை.

அந்த வண்டி ஒரு நாள் நின்றால் இரண்டு நஷ்டம். அன்றையக் கூலி போகிறது. ரிப்பேர் செலவு சேருகிறது. கெடாத பாகத்தை மாற்றிவிட்டால் மூன்றாவது நஷ்டமும் உண்டு. வண்டி மறுநாளும் நிற்கும்!

ஆணி பொறுக்கிய வண்டி

கோளாறைத் தேடுவது எப்படி என்பதற்குப் பக்கத்து ஊரான மதுரையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ம் ஆண்டில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். அது பஸ் போக்குவரத்தில் பெயர் பெற்றது. அந்தக் காலத்துச் சாலையில் மாட்டு வண்டிகள் அதிகம். மாட்டுக் குளம்பில் அடித்த லாடத்தின் ஆணிகள் சாலையில் உதிர்ந்து கிடக்கும். பஸ் டயர் அடிக்கடி பஞ்சராகும்.

டயரை மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? புது டயரிலும் ஆணி ஏறும்!

ஆகவே, காந்தம் பொருத்திய ஒரு வண்டியைச் சாலையில் விட்டு ஆணிகளைப் பொறுக்கச் செய்தார்கள் என்பது மதுரைச் சீமையில் இன்றும் சொல்லப்படும் செய்தி. வியாதி டயரில் இல்லை, சாலையில் இருந்தது. அதைக் கண்டுபிடித்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

பழனிக்கு வந்த பஸ்

இன்னொருவர் ஜி.டி.நாயுடு. கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். அதிகப் பள்ளிப் படிப்பு இல்லை.

இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஆசை பிடித்துக்கொண்டது. கோவையில் ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்தார். அந்த வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றவா போனார்? இல்லை! வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். பிறகு மறுபடி பூட்டினார்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே! அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அந்தப் பஸ் வந்து நின்ற பழனி இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது.

அந்நாளில் மோட்டார் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தன. சந்தேகத்தின் பேரில் ஒன்றை மாற்றிப் பார்க்க வழியே இல்லை. ஒரு பாகத்தின் வேலை என்ன என்று தெரிந்தவனுக்குத்தான், அது அந்த வேலையைச் செய்யவில்லை என்பதும் தெரியும். இன்று பாகம் தெருக்கோடியிலேயே கிடைக்கிறது. அதனால்தான் தேடும் பழக்கம் குறைந்துவிட்டது.

முதலில் கேள்வி

நல்ல வைத்தியர் மருந்துச் சீட்டை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்கிறார். நல்ல மெக்கானிக்கும் அப்படித்தான்.

கோளாறு எப்போது வருகிறது? காலையில் முதல் முறை கிளப்பும்போதா, சூடான பிறகா? மேடு ஏறும்போதா, மழை பெய்த மறுநாளா? கடைசியாக வண்டியில் என்ன வேலை பார்த்தார்கள்?

இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் வண்டிக்காரர். ஆகவே வீட்டு வரவு செலவு நோட்டுக்குப் பக்கத்தில் வண்டிக்கும் ஒரு நோட்டு வைப்பது நல்லது. தேதி, ஓடிய கிலோ மீட்டர், செய்த வேலை, மாற்றிய சாமான் இவ்வளவும் எழுதினால் போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையே எழுதிவிடும்.

அடுத்தது, சுலபமானதை முதலில் பார்ப்பது. பெட்ரோல் இருக்கிறதா? பியூஸ் சரியா? ஒயர் இறுக்கமா? காசு செலவில்லாத சோதனைகளை முடித்த பிறகுதான் காசு செலவாகும் சோதனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்று சாமானை ஒன்றாக மாற்றி வண்டி ஓடிவிட்டால், எது கெட்டிருந்தது என்று எவருக்கும் தெரியாது.

பாட்டரி செத்துவிட்டதா?

அதிகமாக வீணாகும் சாமான்களில் ஒன்று பாட்டரி.

சில நூறு ரூபாயில் மல்டிமீட்டர் கிடைக்கிறது. என்ஜின் ஓடாமல் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும்போது 12 வோல்ட் பாட்டரியைச் சோதிக்க வேண்டும். நன்றாகச் சார்ஜ் ஏறிய பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜினை ஓடவிட்டால் பெரும்பாலான வண்டிகளில் அது 13.8 முதல் 14.4 வரை உயரும்.

உயரவில்லையா? அப்படியானால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். ஆல்டர்னேட்டர், பெல்ட், ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பாட்டரியை மட்டும் மாற்றினால் புதுப் பாட்டரியும் சில நாளில் படுத்துவிடும்!

பாட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதைச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

புகையும் டயரும்

வண்டி வாய் திறந்து பேசாது. ஆனால் ஜாடை காட்டும்.

புகை கறுப்பாக வந்தால் எண்ணெய் அதிகம், காற்று குறைவு என்று பொருள். மண் சாலையிலேயே ஓடும் வண்டியின் ஏர் பில்டரில் புழுதி அடைத்திருக்கலாம். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. பெட்ரோல் வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளை ஆவிக்குப் பயப்பட வேண்டாம்.

டயரும் அப்படித்தான். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. காரில் ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரத்தின் அலைன்மென்ட் சரியில்லை. அதைச் சரி செய்யாமல் புது டயர் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல!

மலைப் பாதையில் ஜாக்கிரதை

திண்டுக்கல்லுக்கு ஒரு பக்கம் சிறுமலை, மறு பக்கம் கொடைக்கானல் மலை. சமவெளியில் ஒழுங்காக ஓடும் வண்டி மேட்டில் கொதிக்கும்.

உடனே ரேடியேட்டரை மாற்ற வேண்டுமா? வேண்டாம். என்ஜின் ஆறிய பிறகு தண்ணீர் அளவைப் பாருங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும். விசிறி சுற்றுகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ரேடியேட்டர் முன்னால் பூச்சியும் புழுதியும் அடைத்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை என்றால் பாகம் தேய்ந்துவிட்டது என்று மட்டும் எண்ணக்கூடாது. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடி இழக்கும். ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில் சூட்டில் கொதித்தாலும் மிதி மெத்தென்று உள்ளே போகும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது டிரைவர்களின் பழைய பாடம்.

ஒன்று நினைவிருக்கட்டும். பிரேக், ஸ்டியரிங் இரண்டிலும் வீட்டில் பரீட்சை கூடாது. சந்தேகம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும். தெரிந்தவர் பார்க்கும்வரை ஓட்டக் கூடாது.

கம்ப்யூட்டர் சொல்வது என்ன?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 புகை விதி நடைமுறைக்கு வந்தது. இப்போது மோட்டார் சைக்கிளிலும் சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. கோளாறு வந்தால் மஞ்சள் விளக்கு எரிகிறது. கருவியை மாட்டினால் ஒரு எண் வருகிறது.

"கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, சென்சாரை மாற்று!" என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள்.

அது தவறு. கம்ப்யூட்டர் "இந்தப் பக்கம் பார்" என்றுதான் சொல்கிறது. "இதை மாற்று" என்று சொல்லவில்லை. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று எண் வந்தால் சென்சார் பொய் சொல்லலாம். அல்லது, சென்சார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்! காற்றுக் குழாயில் வெடிப்பு இருந்தாலும் அதே எண்தான் வரும்.

ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது என்று வந்தால் அதற்கும் எளிய சோதனை உண்டு. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில், அந்தக் காயிலை அடுத்த சிலிண்டரில் மாட்டிப் பார்ப்பார்கள். கோளாறும் கூடவே போனால் காயில்தான் குற்றவாளி. போகாவிட்டால் காயில் நிரபராதி! ஒரு காசு செலவில்லாமல் தீர்ப்புக் கிடைத்துவிடும்.

பார்த்ததற்குக் கூலி

இவ்வளவு இருந்தும் பட்டறையில் ஏன் சாமானை மாற்றுகிறார்கள்? குற்றம் மெக்கானிக் மீது மட்டும் இல்லை.

டாக்டர் நாடி பார்த்து "ஒன்றும் இல்லை, போய் வா" என்றால் பீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் ஒரு மணி நேரம் தேடி ஒரு ஒயரை இறுக்கினால், "இதற்கா 200 ரூபாய்?" என்று சண்டைக்குப் போகிறோம்! அதே மெக்கானிக் 2,000 ரூபாய் சாமானை மாட்டினால் மறுபேச்சு இல்லாமல் கொடுக்கிறோம். மூளைக்குக் கூலி இல்லை, சாமானுக்குத்தான் கூலி என்றால், எவர் மூளையைச் செலவழிப்பார்?

ஆகவே தேடுவதற்கு என்ன கூலி என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அதை மனமாரக் கொடுக்க வேண்டும். "அண்ணே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்ல வேண்டும். கண்டுபிடித்தவர் காரணம் சொல்வார். சொல்லத் தெரியாதவர் ஊகத்தில் மாற்றியிருக்கிறார்.

மாற்றியே தீர வேண்டியவை

எதையுமே மாற்றக் கூடாது என்பது பொருள் அல்ல. என்ஜின் ஆயில், பில்டர், பிரேக் ஆயில் போன்றவற்றைக் கெடுவின்படி மாற்றியே ஆக வேண்டும். தேய்ந்த பிரேக் கட்டையில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. கணக்குப்படி மாற்றுவது பராமரிப்பு. கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது சூதாட்டம்.

தொழில் பழகும் இளைஞர்கள் ஸ்பானர் பிடிப்பதற்கு முன் கேட்கவும் பார்க்கவும் பழக வேண்டும். பாகத்தை மாட்ட ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். கோளாறைக் கண்டுபிடிப்பதற்குத்தான் ஆண்டுக் கணக்கில் அனுபவம் வேண்டும். பட்டறைக்கு வாடிக்கை சேர்ப்பதும் அந்த வித்தைதான்.

அடுத்த முறை வண்டி நின்றால் கடைக்கு ஓடாதீர்கள். "என்ன மாற்றலாம்?" என்று கேட்பதை விட்டு, "ஏன் நின்றது?" என்று கேளுங்கள். பாதி ரிப்பேர் அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்!