கணினிக்குப் பொருந்தும் நினைவகம்

நம் பிள்ளைகள் படிக்கப் பயன்படுத்தும் மேசைக்கணினி மெதுவாக இயங்கினால், புதியது வாங்குமுன் அதன் நினைவகத்தைக் கூட்டிப் பார்க்கலாம். சிங்கப்பூரில், தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள சிம் லிம் ஸ்குவேரில் இப்பொருள் கிடைக்கிறது. ஆனால் ஜொகூர் பாலம் கடந்து சென்று, பொருந்தாத ஒன்றை வாங்கி வந்தால் பணமும் வீண்; ஒரு நாள் கூலியும் வீண். ஆகவே சிலவற்றை இங்கு விளக்குகிறோம்.

நினைவகத்தில் பல தலைமுறைகள் உள்ளன. டி.டி.ஆர்.3 வகைக்கு 240 முனைகள், டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகிய இரண்டுக்கும் 288 முனைகள். எண்ணிக்கை ஒன்றாயினும், கீழ் விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால், ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமராது. வலிந்து அழுத்தினால் தாய்ப்பலகையே பழுதாகலாம். மடிக்கணினிக்குரிய குட்டையான நினைவகமும் மேசைக்கணினிக்கு உதவாது. வேகம் வேறுபட்ட இரண்டைச் சேர்த்தால், பொதுவாக இரண்டும் குறைந்த வேகத்திலேயே இயங்கும்.

எனவே, மின்னிணைப்பைத் துண்டித்துப் பழைய நினைவகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டு செல்வோம். தாய்ப்பலகையின் பெயரையும், அது ஏற்கும் உச்ச அளவையும் எழுதி வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தருவதைப் பழையதுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுப்போமாக.