வெயிற்கால நெடுநடையும் தனியாள் கூடாரமும்

சென்ற ஆண்டு மே மாதத்தில் யானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும் தூத்துக்குடியினின்று கன்னியாகுமரிவரை கடற்கரை ஓரமாகவே கால்நடையாய்ச் செல்வதெனத் துணிந்து புறப்பட்டோம். மூன்றாம் நாட் பிற்பகல், மணப்பாடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில், என் தோழர் மயங்கி மணலில் வீழ்ந்தார். அருகிருந்த மீனவர் சிலர் அவரை ஓலைப் பந்தலின் நிழலிற் கிடத்தி, நீரும் மோருங் கொடுத்துத் தேற்றினர். எங்கள் பயணம் அவ்வளவில் முடிந்தது.

அவர் மயங்கியதற்குக் காரணம் வெயிலே என்று யாவருங் கூறினர். யான் கூடாரமே காரணம் என்கிறேன். இரவலாகப் பெற்ற அக்கூடாரம் மூன்றரைக் கிலோ எடையுள்ளது. அதனை முறைவைத்துச் சுமக்க வேண்டியிருந்தமையால், ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர் போதுமெனக் கணக்கிட்டவன் யானே. அன்றியும், காற்றுப் புகாத அத்துணியறைக்குள் இரண்டு இரவும் நாங்கள் கண்மூடவில்லை. உறக்கமும் நீரும் ஒருங்கே குறைந்த உடம்பு மூன்றாம் நாள் வெயிலைத் தாங்குமென எதிர்பார்த்தது என் பிழை. இவ்வாண்டு மீண்டும் புறப்படுகின்றோம். அதற்காகத் தனியாள் கூடாரங்களைப்பற்றிப் படித்தும் வினாவியும் விடுதி மைதானத்திற் படுத்துப் பார்த்தும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறேன். தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்குக் கூடாரத்தில் என்ன வேலை என்று நகைக்கும் நண்பர்கட்கு விடை பின்னே வரும்.

முதலில் எடை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஆகவே வெப்ப நாட்டில் கூடாரத்திற் குறைத்த ஒவ்வொரு கிராமையும் நீராக மாற்றிக்கொள்ளலாம். இருவர் ஒரே கூடாரத்தைப் பகிர்ந்தாற் சுமை குறையுமென்பது பொதுவாக மெய்யே. ஆயினும் எங்கள் மூன்றரைக் கிலோவை இரண்டாகப் பகுத்தாலும் ஆளுக்கு 1,750 கிராம் வருகிறது. இக்காலத்துத் தனியாள் கூடாரங்களிற் பல ஒரு கிலோவுக்கும் குறைந்தவை. அன்றியும், ஒரே அறைக்குள் இரண்டு உடம்புகளின் வெப்பமும் மூச்சின் ஈரமும் சேர்வது குளிர்நாட்டில் நலமாகலாம். நம் கடற்கரையில் அது துன்பமே.

வெப்பநாட்டுக் கூடாரத்திற்குப் பழைய சான்று பாலைநிலத்து அரபியர் வாழும் கறுப்பு ஆட்டுமயிர்க் கூடாரம். அதன் நெசவு தளர்ந்தது. வெப்பக்காற்று இழைகளின் இடையே வெளியேறும். மழை படின் மயிரிழை பருத்து இடைவெளி அடைபடும். பகலிற் பக்கத் துணிகளைத் தூக்கிக் கட்டிக் காற்றை உள்ளே விடுவர். இதனினும் அறிவுடைய அமைப்பை இன்றைய தொழிற்சாலைகள் கண்டனவோ என ஐயுறுகிறேன். அதன் பெருஞ்சுமையைத் தாங்க அவர்கட்கு ஒட்டகம் உண்டு. நமக்கு இரண்டு தோள்களே உள்ளன.

கூடாரத்தின் உட்புறம் விடியற்காலையில் நனைந்திருப்பதைக் கண்டு, துணி ஒழுகுகின்றதென்று பலர் மயங்குவர். அது மழைநீரன்று. தெளிந்த இரவில் துணி தன் வெப்பத்தைத் திறந்த வானத்தை நோக்கி வீசிச் சுற்றியுள்ள காற்றினும் குளிர்ந்துவிடுகிறது. நம் மூச்சிலும் வியர்வையிலுமுள்ள நீராவி அக்குளிர்ந்த துணியிற் பட்டுத் துளிக்கிறது. மார்கழியில் விடுதி மைதானத்தின் நடுவே ஓரிரவும், வேப்பமரத்தடியில் ஓரிரவும் படுத்துப் பார்த்தேன். நடுவெளியில் துணி சொட்டச் சொட்ட நனைந்தது. மரத்தடியில் ஏறக்குறைய உலர்ந்தே இருந்தது. வானத்தை மரம் மறைத்தமையே காரணம். கூடாரம் வாங்குமுன் அதனை அடிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கற்பது செலவில்லாத வழி. பள்ளத்தையும் நீர்நிலையின் ஓரத்தையும் விலக்கி, காற்று வழங்கும் சிறு மேட்டில், மரநிழலில் அடிப்பது நன்று. பட்ட கிளையுள்ள மரத்தை மட்டும் அணுகற்க.

இனி, சுவர் ஒன்றா இரண்டா என்பது. ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் மழையைத் தடுக்குந் துணியே அறையின் சுவருமாகும். வாயிலிலும் ஓரங்களிலும் மட்டும் கொசுவலை தைத்திருப்பர். இரட்டைச் சுவர்க் கூடாரத்தில் உள்ளே வலையறை, வெளியே கூரைத்துணி என இரண்டு வேறாக இருக்கும். முன்னது எடை குறைந்தது. பின்னது உடம்பு ஈரத்துணியிற் படாமற் காப்பது.

இவற்றுள் எது சிறந்ததென்பதை நிலமே முடிவு செய்கிறது. அமெரிக்க நாட்டின் இரண்டு நெடுவழிகளை நோக்குக. மெக்சிக்கோ எல்லையினின்று கனடா எல்லைவரை 2,650 மைல் செல்லும் பசிபிக் கிரெஸ்ட் வழியில் முதல் 700 மைல் தென் கலிபோர்னியாவின் வறண்ட நிலம். ஆண்டு காற்று உலர்ந்தது. பல இரவுகளில் நடப்போர் கூடாரத்தை விரிக்காமலே விண்மீன்களின்கீழ்ப் படுத்து உறங்குவர். அவர்கட்கு ஒற்றைச் சுவர் போதும். 14 மாநிலங்களூடே ஏறக்குறைய 2,190 மைல் செல்லும் அப்பலேச்சிய வழியோ அடர்ந்த காடும் கோடைப்புழுக்கமும் கொசுவும் உண்ணியும் உடையது. அங்கே வலை இன்றியமையாதது. நம் கீழ்க்கரையின் மே மாத இரவு இரண்டாவதனையே ஒத்தது.

ஆதலால் நம்மனோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, “கூரைத்துணியை நீக்கி வலையறையை மட்டும் நிறுத்த முடியுமா?” என்பதே. மழையில்லாத இரவில் வலை மட்டும் நின்றால் காற்று நான்கு பக்கமும் வழங்கும். வலையிலும் வேறுபாடு உண்டு. கண்ணுக்குத் தெரியாத சிற்றீக்களையுந் தடுக்கும் மிக நுண்ணிய வலை காற்றையும் ஓரளவு தடுக்கிறது. கொசுவை மட்டும் தடுத்தால் போதும் இடத்தில் சற்றுப் பருமனான கண்ணுள்ள வலையே இனிது. வலை தரைவரை இருப்பின் காற்றிற் பறக்கும் மணல் முகத்தில் விழும். தரையினின்று ஒரு சாண் உயரத்திற்குத் துணியும் அதன்மேல் வலையும் இருத்தல் வேண்டும். இதனை நான் புத்தகத்திற் படித்தறியவில்லை. என் வாயில் நிறைந்த மணலே கற்பித்தது.

வாயில் இருபுறமும் இருப்பது எங்கள் கரைக்கு ஏற்றது. மாலையில் காற்று கடலினின்று வருகிறது. நள்ளிரவின்பின் நிலத்தினின்று கடலை நோக்கிச் செல்கிறது. ஒரு வாயில் மட்டும் உடையவன் பாதி இரவு காற்றின்றிக் கிடப்பான்.

கூடாரத்தை நிறுத்துங் கோல்களுக்கு வருகிறேன். சிலவற்றிற்கு வளைந்த அலுமினியக் கோல்கள் உண்டு. அவை தாமே நிற்கும். பாறையிலும் பலகைத் தளத்திலும் உதவும். ஆனால் எடை ஏறும். வேறு சிலவற்றிற்குத் தனிக்கோலே இல்லை; நடப்பவன் பகலில் ஊன்றிய கைத்தடியையே இரவில் நட்டு, கயிறுகளை இழுத்துக் கட்டினால் கூடாரமாகும். பகலுக்கு ஒன்று இரவுக்கு ஒன்று எனச் சுமக்க வேண்டாத இவ்வுத்தியைப் புதுமை என்று மேனாட்டார் போற்றுகின்றனர். பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டைப் பாடமாகக் கற்றவர்க்கு இது புதுமையன்று. கார்காலத்துப் பாசறையைக் கூறுமிடத்து நப்பூதனார், வீரர் தம் வில்லையே ஊன்றி, அம்பறாத்தூணியை அதன்மேல் தொங்கவிட்டு, கயிறு வலித்து இருப்பிடம் அமைத்ததைப் பாடி, அதற்கு அந்தணனொருவன் தன் முக்கோலில் ஆடையை இட்டுவைத்த தோற்றத்தை உவமை கூறுகிறார். கையிலிருக்கும் கருவியே தூணாகும் என்பது 103 அடிப் பாட்டொன்றில் அடங்கிக் கிடக்கிறது. நகைத்த நண்பர்கட்கு இதுவே விடை.

துணியைப்பற்றிச் சுருங்கக் கூறுவேன். நூலின் மென்மையை டெனியர் என்னும் அளவாற் குறிப்பர். 9,000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். மெல்லிய கூடாரத்துணிகள் 15 முதல் 30 டெனியர்வரை உள்ளன. சிலிக்கோன் பூசிய நைலான் வலிமையுடையது. ஆயின் நீரை உறிஞ்சித் தளரும். மழை இரவில் எழுந்து கயிற்றை மீண்டும் இழுத்துக் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு தளராது. வெயிலில் விரைந்து நைவதுமில்லை. ஆதலால் நம் நாட்டிற்கு அதனையே யான் விரும்புகிறேன். டைனீமா என்னும் இழை கலந்த தாள்போன்ற துணி இவையிரண்டினும் மிக மெல்லிது, நீரை ஏற்காது, தளராது. அதன் விலையோ மாணாக்கர் கேட்கவுந் தகாதது. அன்றியும் அது ஒளி ஊடுருவுவது. பகலில் அதன்கீழ் நிழல் தேடுவார்க்கு ஏமாற்றமே. உண்மையில் எவ்வகைக் கூடாரமும் நண்பகலில் அடுப்பாகும். பகலில் மரநிழலையோ சத்திரத்தையோ நாடுதல் வேண்டும்.

அளவு காணும்போது விளம்பரத்திற் கூறிய நீளத்தை நம்பற்க. தரை ஏழடியாயினும் கூரை இருபுறமுஞ் சரிந்து வருவதால், நெடியவனது தலையும் காலும் ஈரத்துணியில் முட்டும். கடையிலேயே அடித்து, படுத்துப் பார்த்து வாங்குக. கடைக்காரர் முகஞ்சுளித்தால் சுளிக்கட்டும்.

மணலில் மெல்லிய முளைகள் நில்லா. பனைமட்டைத் துண்டையோ கல்லையோ கயிற்றிற் கட்டி, முழ ஆழத்தில் குறுக்காகப் புதைத்து மணலை மிதித்து இறுக்கினால் அசையாது. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயூடே பாயுங் காற்றை அறிந்தவர் இதனை மிகையென்னார். கூடாரத்தினுள் அடுப்பு மூட்டுதல் எக்காலத்தும் ஆகாது; தீயினும் புகைநஞ்சு கொடிது. மலைக்காட்டிற் கோடையில் நடக்க எண்ணுவார் வனத்துறையின் இசைவின்றிச் செல்லற்க. 2018 மார்ச்சு மாதத்தில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் அகப்பட்டு மாண்டவர்களை நாம் மறத்தற்கில்லை. நாங்கள் கடற்கரையைத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் ஆராய்ந்தபின் யான் கூடாரம் எதுவும் வாங்கவில்லை. 1955-இல், 67 வயதில், அப்பலேச்சிய வழி முழுவதையுந் தனியே நடந்த எம்மா கேட்வுட் என்னும் பாட்டியார், கூடாரமின்றிக் குளியலறைத் திரை ஒன்றையே மறைப்பாகக் கொண்டு சென்றார் என்று படித்தபோது, விலைப்பட்டியல்களை மூடிவைத்தேன். பாலியெஸ்டர்த் துணியையும் வலையையும் வாங்கிக் கடைத்தெருத் தையற்காரரிடம் கொடுத்தேன். கூரைத்துணி 450 கிராம்; வலையறை 400; கயிறும் முளையும் 150. ஆக ஒரு கிலோ. தூண் என் மூங்கிற்றடியே. முதல்முறை தைத்ததில் தையல் வழியே நீர் கசிந்தது. சிலிக்கோன் பசை பூசிய பின்னர் நின்றது. என் தோழர்க்கு இதில் நம்பிக்கையில்லை. அவர் 800 கிராம் எடையுள்ள இரட்டைச் சுவர்க் கூடாரமொன்றைத் தம் தமையனாரின் பொருளுதவியால் வாங்கியுள்ளார். அவர் சென்ற ஆண்டு பட்டதை எண்ணின், அவரது எச்சரிக்கையைக் குறை கூறுதற்கு எனக்கு உரிமையில்லை.

சென்ற ஆண்டைவிட எனக்கு முக்கால் லிட்டரும் அவர்க்கு அதனினுஞ் சிறிது மிகுதியும் நீர் கொள்ள இடமுண்டு. முக்கால் லிட்டர் சிறிதென்பார், பிற்பகல் இரண்டு மணிக்குத் தேரிமணலில் நின்று பார்ப்பாராக. மே முதல் வாரத்தில் மணப்பாட்டினின்றே தொடங்குகின்றோம். அவர் வீழ்ந்த அவ்விடத்தினின்று தொடங்குவதே முறையென்று அவரே கூறிவிட்டார்.